வளையல் வண்டியும் ஆட்சேபணை அத்தையும்

இப்போது அந்த மேட்டுத் தெருவுக்கு நினைத்த நேரத்தில் வண்டி வருகிறது. கைபேசியைத் தட்டினால் வாசலில் வந்து நிற்கிறது. ஏறுகிறவரும் பேசுவதில்லை, ஓட்டுகிறவரும் பேசுவதில்லை. வளையல் வண்டி ஓடிய காலத்தில் அப்படியா? ஏறி இறங்குவதற்குள் ஒரு கல்யாணப் பேச்சு முடிந்திருக்கும், இல்லாவிட்டால் முறிந்திருக்கும்.

வளையல் வண்டி என்பது அரசாங்கம் வைத்த பெயர் அல்ல. அரசாங்கம் வைத்தது வெறும் எண். அது யார் மனதிலும் நின்றதில்லை. கீழே கடைவீதியில் புறப்படும் அந்தப் பேருந்து மூச்சு வாங்கிக்கொண்டு மேட்டுத் தெருவுக்கு ஏறும். உச்சியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றும். மறுபக்கச் சரிவில் தனியாக நின்ற முதியோர் இல்லத்தின் மதிலை உரசாத குறையாக இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். தண்ணீர்த் தொட்டி வளைவில் ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் கடைசி இருக்கைக்காரரிடம் தீப்பெட்டி வாங்கலாம் என்பார்கள். வாங்கியதைக் கண்ணால் பார்த்தவர்களும் உண்டு. அவர்கள் இன்று உயிரோடு இல்லை என்பதால் யாரும் மறுக்க முடியாது.

அந்தத் தெருவின் நடுவில் இருந்தது சலவைக்கடை. கீழே கடை, மேலே வீடு. இரண்டுக்கும் நடுவில், ஒருவர் ஏறினால் இன்னொருவர் மூச்சை இழுத்துப் பிடித்து நிற்கவேண்டிய மரப்படிக்கட்டு. கடையை நடத்தியவள் தெருவுக்கே அத்தை. முழுப் பட்டத்தோடு சொன்னால் ஆட்சேபணை அத்தை.

பட்டம் சும்மா வந்துவிடவில்லை. அவள் பிறந்தபோது மருத்துவச்சி வெளியே தலையை நீட்டி, "ஆம்பளப் பிள்ளை!" என்று அறிவித்தாளாம். குழந்தை வீறிட்ட வீறலில் மருத்துவச்சி திரும்பி இன்னொரு தரம் பார்த்து, சொன்னதைத் திருத்திக்கொண்ட பிறகுதான் அழுகை நின்றதாம். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவரோ எதற்கெடுத்தாலும் "சரி" என்கிற மனிதர். மழை வருகிறது என்றால் சரி. மாடியில் ஒழுகுகிறது என்றால் அதுவும் சரி. வீட்டில் மறுத்துப் பேசவும் ஆளில்லை, மறுக்கும்படி எதையாவது சொல்லவும் ஆளில்லை. வாய் துருப்பிடித்துவிடுமோ என்ற பயத்தில்தான் அத்தை நகரசபைக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தாள்.

அந்தக் காலத்து நகரசபைக் கூட்டம் என்றால் நீளமான ஒரு கூடம். கிரீச்சிடும் மின்விசிறி. பேசுகிறவரைவிட அதிகமாகப் பேசும் ஒலிவாங்கி. பின்னால் பொதுமக்களுக்கென்று ஒரு மரப்பெஞ்சு. அதில் வழக்கமாக உட்கார்வது தூசி மட்டும். தலைவர் ஒவ்வொரு தீர்மானத்தையும் படித்து முடித்து, "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்பார். பதில் எதிர்பார்த்து அல்ல. வழியில் பார்க்கிறவரிடம் "சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே நடக்கிறோமே, அந்த மாதிரி.

முதல்முறை பின்பெஞ்சிலிருந்து "உண்டு!" என்று குரல் வந்தபோது குமாஸ்தாவின் மூக்குக்கண்ணாடி மைக்கூட்டுக்குள் விழுந்தது. தலைவர் கழுத்தைத் திருப்பப் பார்த்தார், முடியவில்லை. அவருடைய சட்டைக் காலருக்குக் கஞ்சி போட்டவளே அத்தைதானே. முழு உடம்பையும் நாற்காலியோடு திருப்ப வேண்டியதாயிற்று.

"யாரும்மா அது? என்ன ஆட்சேபணை?"

"எங்க தெருவுல பஸ் நிக்கிற இடத்துல கூரை போட்டுக் குடுத்தீங்க. நல்லது. ஆனா பெஞ்சை ரோட்டுக்கு முதுகைக் காட்டி வெச்சிருக்கீங்களே! நாங்க பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோமா, பஸ்கூட சண்டை போட்டுட்டு உக்காந்திருக்கிறோமா?"

அடுத்த வாரமே பெஞ்சு திரும்பியது. அன்றிலிருந்து அத்தை தவறாமல் போனாள். பிடித்ததற்கும் பிடிக்காததற்கும் கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்து மளிகைக்கடைக்காரர் வந்தார். கணக்கு டீச்சர் வந்தாள். தெரு விளக்கு, சாக்கடை மூடி, பள்ளிக்கூட வாசலில் பள்ளம் என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். தூசிக்கு உட்கார இடமில்லாமல் போயிற்று. கூட்டம் முடிந்து எல்லாரும் வளையல் வண்டியில் ஏறி, வழியெல்லாம் கூட்டத்தைத் திரும்ப ஒருமுறை நடத்திக்கொண்டே வீடு வருவார்கள். இரண்டாவது கூட்டம்தான் எப்போதும் நன்றாக இருக்கும்.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் அத்தை வண்டியில் தனியாகப் போவாள். மத்தியானத்துக்கு மேல் கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு, மறுபக்கச் சரிவில் இருந்த முதியோர் இல்லத்தில் இறங்குவாள். அங்கே அவள் அக்கா இருந்தாள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் கட்டாதவள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு, "உன் வீட்டுப் படிக்கட்டுல ஏறுறதுக்கு நான் அணிலாப் பிறந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு, தானே பெட்டியைக் கட்டிக்கொண்டு இல்லத்துக்குப் போனவள். அத்தைக்கு மிச்சமிருந்த பிறந்த வீடு அந்த அக்கா மட்டும்தான். இருவரும் பார்த்த நிமிடத்தில் சண்டையைத் தொடங்கி, பார்க்கும் நேரம் முடிந்து மணி அடிக்கும்போது முடிக்காமல் விட்டுவைப்பார்கள். முடித்துவிட்டால் அடுத்த வாரத்துக்கு என்ன செய்வது?

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வட்டாரப் போக்குவரத்துக் குழுவிலிருந்து அறிவிப்பு வந்தது. எந்தெந்த வழியில் பேருந்து வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்வது அந்தக் குழு. அதன் அதிகாரிகள் வளையல் வண்டியில் ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து பார்க்கப் போகிறார்களாம்.

அன்று மாலையே சலவைக்கடையில் கூட்டம் கூடியது.

"பெரிய மனுஷங்க நம்ம வண்டியிலயா?" மளிகைக்கடைக்காரர் நெஞ்சில் கைவைத்தார். "காலையில அதுல ஏறி இறங்குனா சட்டையில பொத்தான் மிஞ்சுறதில்லையே அத்தை!"

"என் குடையைக் காதுல மாட்டிக்கிட்டு ஒருத்தர் இறங்கிப் போயிட்டார்," என்றாள் கணக்கு டீச்சர். "இன்னும் திரும்பி வரல. குடையும் வரல, அவரும் வரல."

"அதைத்தான் நானும் சொல்றேன்." அத்தை இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி நிறுத்தினாள். "வர்றவங்க நின்னுக்கிட்டா வருவாங்க? உங்க முழங்கை அவங்க விலாவுல இறங்கணுமா? இந்த இடிபாட்டைப் பார்த்தா, இதெல்லாம் ஒரு வண்டியான்னு நிறுத்திப்புடுவாங்க. வீட்டுக்கு விருந்தாளி வந்தா நாம எந்திரிச்சு நாற்காலியைக் குடுக்குறதில்லையா? அன்னைக்கு ஒரு நாள் யாரும் ஏற வேணாம். வண்டி கண்ணாடி மாதிரி இருக்கணும். நேரத்துக்கு வரணும், நேரத்துக்குப் போகணும். பாக்குறவங்க அசந்து போகணும்."

எல்லாருக்கும் அது அருமையான யோசனையாகப் பட்டது. கடையின் மூலையில் சட்டை மடித்துக்கொண்டிருந்த கணவர் மட்டும் வாயைத் திறந்தார். என்னவோ சொல்ல வந்தார். பிறகு வழக்கம்போல, "சரி" என்றார்.

முந்தின நாள் சாயங்காலம் தெருவே திரண்டு வண்டியைக் கழுவியது. இருக்கை உறைகளை அத்தை துவைத்து, கத்தியால் வெட்டலாம் போல மடிப்பு வைத்தாள். உட்கார்ந்தால் மடிப்பு கலையும் என்று ஓட்டுநர் நின்றுகொண்டே ஓட்டியதாக ஒரு பேச்சு இருந்தது. அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம்.

மறுநாள் அதிகாரி வந்தார். மெலிந்த, பொறுமையான மனிதர். கூட ஓர் உதவியாளர். ஆளில்லாத வண்டியில் ஜன்னலோரமாக உட்கார்ந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஜனங்கள் இருப்பதில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். வண்டி நின்றதும் புன்னகை செய்தார்கள். கையசைத்தார்கள். ஒருவரும் ஏறவில்லை.

அதிகாரி எட்டிப் பார்த்து, "இவங்க எல்லாம் ஏன் ஏறல?" என்று ஓட்டுநரிடம் கேட்டார்.

வாயைத் திறக்கக் கூடாது என்று ஓட்டுநருக்குக் கட்டளை. இருந்தாலும் சொன்னார்: "அவங்க வழியனுப்ப வந்தவங்க சார்."

"யாரை?"

"வண்டியை."

அதிகாரி உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே பல் வைத்தியரின் மாமியார் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மாலையில் இறங்கும்போது அதிகாரி அத்தையிடம், "இவ்வளவு அமைதியான பேருந்துல நான் போனதே இல்லம்மா" என்றார். அத்தைக்குப் பெருமை பிடிபடவில்லை. தெரு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சி பஸ் நிறுத்தத்தில் அடுத்த அறிவிப்பு ஒட்டப்படும்வரை நீடித்தது. பயணிகளே இல்லாத வழி என்பதால் வளையல் வண்டி நிறுத்தப்படும். இனி மலையடிவார நெடுஞ்சாலையில் நேராக ஒரு வண்டி ஓடும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் குழுவின் கூட்டத்துக்கு நேரில் வந்து சொல்லலாம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த நுணலுக்காவது தன் வாய் மட்டும்தான். அத்தை தெருவையே சேர்த்துக் கெடுத்திருந்தாள்.

அந்த வாரம் அக்காவிடம் சொன்னபோது, அக்கா சிரித்த சிரிப்பில் கட்டில் நகர்ந்து சுவரில் இடித்தது.

"ஆளே ஏறாம வண்டியைக் காட்டுனியா? அடிப்பாவி! கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, கூட்டமா இருக்கக் கூடாதுன்னு பொண்ணை வெளிய அனுப்புன கதையால்ல இருக்கு!"

"சிரிக்காத அக்கா. வண்டி நின்னா நான் இங்க எப்படி வருவேன்? நெடுஞ்சாலையில இறங்கி இந்தச் சரிவுல ஏறுறதுக்கு என் முட்டி ஒத்துக்குமா? நடுவுல உக்கார ஒரு கல்லுகூடக் கிடையாது."

"வராட்டிப் போ. மத்தியானம் நிம்மதியாத் தூங்குவேன்."

சொன்னாளே ஒழிய, மணி அடித்த பிறகும் தங்கையின் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அத்தை அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள். அதற்கு முன் அக்கா அப்படி அவள் ஆடையைப் பிடித்துக்கொண்டிருந்தது, அத்தை முதல்நாள் பள்ளிக்கூடம் போனபோதுதான். அன்று பயந்தது யார் என்பதில் இன்னும் இருவருக்கும் வழக்கு இருந்தது.

குழுவின் கூட்டம் கடைவீதிக்கு அருகே பெரிய கட்டடத்தின் மாடியில். அன்று தெருவில் நடக்கத் தெரிந்த அத்தனை பேரும் வளையல் வண்டியில் ஏறினார்கள். கதவு மூடவில்லை. மளிகைக்கடைக்காரர் பாதி உள்ளே, பாதி வெளியே. இறக்கத்தில் ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க இடமில்லாமல், "யாராவது என் காலை எடுத்து அதுல வையுங்கப்பா" என்று கத்தினாராம்.

கூட்டத்தில் அவர்கள் முறை வந்தது. குழுத் தலைவி நரைத்த முடியும் நிதானமான குரலும் கொண்டவர். "உங்க வண்டியில ஆளே இல்லைன்னு எங்க அதிகாரி சொல்றாரே?"

அத்தை எழுந்தாள்.

"ஆளு இருக்கும்மா. நிறைய இருக்கு. அதிகாரி ஐயா வர்றார்னு நான்தான் யாரையும் ஏற வேணாம்னு சொன்னேன். அவர் சௌகரியமா உக்காரட்டுமேன்னு இடம் விட்டோம்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. "அதனாலதான் கையசைச்சீங்களா?" என்று கேட்டார். பல நாள் மண்டையைக் குடைந்த ஒன்று தீர்ந்தவர்போல நாற்காலியில் சாய்ந்தார்.

தலைவி எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே வளையல் வண்டி நின்றிருந்தது. அதிலிருந்து இன்னும் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பல் வைத்தியரின் மாமியாரை இருவர் கைகொடுத்து இறக்கினார்கள். பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

திரும்பி வந்து உட்கார்ந்து சொன்னார்: "மேட்டுத் தெருவுக்கு வண்டி வேணும், அது புரியுது. ஆனா முழுச் சுத்துக்கும் எங்களால முடியாது. தெருவரைக்கும் ஏறி, அப்படியே திரும்பி இறங்கட்டும். மறுபக்கச் சரிவுல யார் ஏறி இறங்குறாங்க?"

ஓட்டுநர் தரையைப் பார்த்தார். அத்தை கையைப் பாதி உயர்த்தினாள். "நான்தாம்மா. வாரத்துல ஒரு தடவை."

"வேற யாரும்?"

இல்லத்துக்கு வேறு யாரும் வருவதில்லை. அது அத்தைக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒருத்தருக்காகச் சரிவுல வண்டி விட முடியாதும்மா. இப்ப நீங்க ஒத்துக்கிட்டா, தெருவுக்கு வண்டி உண்டுன்னு இன்னைக்கே முடிவு பண்ணிடலாம். இல்லைன்னா எல்லாத்தையும் மறு ஆய்வுக்கு அனுப்பணும். அது எப்ப முடியும்னு எனக்கே தெரியாது. அதுவரைக்கும் வண்டி நிக்கும்." தலைவி பேனாவை எடுத்தார். "ஆட்சேபணை உண்டா?"

தெரு முழுதும் அத்தையைத் திரும்பிப் பார்த்தது. கணக்கு டீச்சர் கையில் பள்ளிப் பை இருந்தது. கூட்டம் முடிந்து அவள் வகுப்புக்கு ஓட வேண்டும். மளிகைக்கடைக்காரர் பொத்தானில்லாத சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அத்தை வாயைத் திறந்தாள்.

"இல்லம்மா," என்றாள்.

பேனா ஓடியது. கைதட்டல் எழுந்தது. யாரோ அத்தையின் முதுகில் தட்டினார்கள். திரும்பும்போது வண்டியில் ஒரே கொண்டாட்டம். தன் யோசனை பலித்ததுபோல ஆளாளுக்குப் பேசினார்கள். அத்தை ஜன்னலோரமாக உட்கார்ந்து, தண்ணீர்த் தொட்டி வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வண்டி மறுபக்கம் இறங்காமல் நின்றது. புதிய ஏற்பாடு ஓட்டுநருக்கு அதற்குள் பழகியிருந்தது.

வீட்டில் கணவர் இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி வைத்திருந்தார். அவள் நடந்ததைச் சொல்லி முடித்தாள். அவர் "சரி" என்பார் என்று காத்திருந்தாள்.

"சரியில்லையே," என்றார் அவர்.

அவ்வளவுதான் சொன்னார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே மடிப்பு வைத்த சட்டையை மறுபடி தேய்த்தாள்.

அக்காவுக்கு விஷயத்தை இல்லத்தின் தொலைபேசியில்தான் சொன்னாள். அக்கா, "உன் தெருப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகணும்ல. நீ சொன்னது நியாயம்தான்" என்று வைத்துவிட்டாள். சண்டை போடாமல் வைத்தது அத்தையைப் பயமுறுத்தியது.

இல்லத்திலும் ஒரு கூட்டம் உண்டு. அங்கே இருப்பவர்களைக் கூட்டி வைத்து, பொறுப்பாளர் அம்மா குறை கேட்பார். யாரும் எதுவும் சொல்வதில்லை, பாதிப்பேர் தூங்குவார்கள். அந்தத் தடவை அக்கா சக்கர நாற்காலியை முன்னால் தள்ளச் சொன்னாள்.

"படுக்கை விரிப்பு சரியில்லை. கடைவீதி யந்திரத்துல வெளுத்துச் சுருட்டிக் குடுக்குறான். ஒவ்வொரு சுருக்கமும் என் இடுப்புல வரப்பு மாதிரி ஏறுது. ராத்திரி பூரா உழவு நடக்குது."

பொறுப்பாளர் சிரித்தார். "உங்களுக்கு மட்டுமாம்மா?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்குக்கூட அந்த நொடியே முதுகு வலி கண்டது. ஓய்வுபெற்ற தபால்காரர் எழுந்து நின்று, தனக்குக் கழுத்தில் சுளுக்கு என்றார். காது கேளாத பாட்டி, எதற்கென்று தெரியாமலே கையைத் தூக்கினாள். கையால் தேய்த்து மடித்துத் தருகிற ஒரே கடை மேட்டுத் தெருவில்தான் இருக்கிறது என்பதையும் அக்காவே சொன்னாள். கடைக்காரி யார் என்பதைச் சொல்ல அவளுக்கு மறந்துவிட்டது.

அடுத்த வாரம் இல்லத்தின் வேன் சலவைக்கடை வாசலில் வந்து நின்றது. மூட்டைகளை இறக்கிய வேன்காரர், "தேய்ச்சதும் நீங்களே கூட வந்து எண்ணி ஒப்படைக்கணுமாம், அந்தச் சக்கர நாற்காலி அம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க" என்றார். இல்லத்துக்குள் வேன் நுழைந்தபோது அத்தை வெள்ளை விரிப்புகளின் குவியல்மேல், குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அக்கா வராந்தாவில் இருந்தாள். "என்னடி, பல்லக்குல வர்ற மாதிரி வர்ற?"

"உன் இடுப்பைச் சாக்கு வெச்சுப் பொய் சொல்ல எங்க கத்துக்கிட்ட?"

"உன்னை விடப் பெரியவ நான். எல்லாத்தையும் முன்னாடியே கத்துக்கிட்டேன்."

அன்றைக்கு அவர்கள் சண்டை மணி அடித்தும் ஓயவில்லை. வேன்காரர் ஒலியெழுப்பி அழைக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு வளையல் வண்டி அரை வளையலாக ஓடி, பிறகு அதுவும் நின்றது; தண்ணீர்த் தொட்டியையே இடித்துவிட்டார்கள். வேன் மட்டும் வாரம் தவறாமல் சரிவில் இறங்கியது. ஒவ்வொரு வாரமும் பொறுப்பாளர் அக்காவிடம் வந்து, விரிப்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார். பார்வை மங்கிப்போயிருந்த அக்கா விரிப்பை மடியில் போட்டு, உள்ளங்கையால் ஓரம் ஓரமாகத் தடவிப் பார்ப்பாள். ஒரு சுருக்கமும் அகப்படாது. பொறுப்பாளரின் குரல் வேறு பக்கம் திரும்பும் நேரத்தில், ஒரு மூலையைக் கைக்குள் வைத்து நன்றாகக் கசக்குவாள்.

"சுமார்தான்," என்பாள். "அடுத்த வாரமும் அவளையே வரச் சொல்லுங்க."